காபரேட்டருக்கு ஒரு பிளாஸ்டர்

போன கிழமை என் ஸ்கூட்டரைச் சேர்விசுக்கு விட்டேன். கராஜ்காரர் அதில் ஒரு வயரைச் செருகி, மடிக்கணினியை உற்றுப் பார்த்து, எல்லாம் சரி என்றார். ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. பெற்றோலோடு காற்றைக் கலக்கும் காபரேட்டரைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பெரியம்மை இன்னும் ஊரில் இருக்கிறதா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பக்கத்தில் யாரோ ஒரு பழைய மோட்டார் சைக்கிளைச் சரித்துவைத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெற்றோல் மணம் குப்பென்று வந்தது. எனக்கு நெடுங்கேணி நினைவு வந்துவிட்டது.

என் முதல் நியமனம் அந்தப் பக்கம்தான். வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் உத்தியோகம். அரசாங்கம் வேலையைத் தந்தது. போய்ச் சேரும் வழியை என் கெட்டித்தனத்துக்கு விட்டுவிட்டது. விசுவமடுவிலிருந்து அப்பா ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கித் தந்தார். வேகமாகப் போனால் தங்கமான வண்டி. மெதுவாக்கினால் எஞ்சின் நூந்து நின்றுவிடும். ஆகவே வழியில் யாரைக் கண்டாலும் நான் நிறுத்திக் கதைப்பதில்லை, பறந்துவிடுவேன். இரண்டு மாதத்தில் எனக்குப் "பெருமை பிடிச்ச மிஸ்" என்று பெயர் வந்தது.

வன்னியில் ஆண்பிள்ளைகள் ஸ்குரூ ட்ரைவரோடு பிறக்கிறார்கள் என்பது என் சந்தேகம். பிரசவம் பார்த்தவள் சொல்கிறேன், நம்புங்கள். முதலில் அப்பா, நின்ற நிலையில் எஞ்சின் ஓடும் வேகத்துக்கான ஸ்லோ ஸ்குரூவைத் திருகினார். "ஸ்லோவைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரி பிள்ளை" என்றார். வண்டி நின்ற இடத்தில் நின்றே ஓலமிட்டது. கியர் போட்டதும் கன்றுக்குட்டிபோல் பாய்ந்தது. பிறகு சந்திக் கடைக்காரர். "ஆர் இதைத் திருகினது? கெடுத்துப்போட்டான்" என்று தொடங்கி, அப்பா கூட்டியதைக் குறைத்து, காற்று விடும் எயர் ஸ்குரூவையும் திருகிவைத்தார். இப்போது வண்டி நூருவதோடு இருமவும் பழகியது.

மூன்றாவது யோகன். காட்டோரக் குடியிருப்பில் இருந்த செல்வியின் கணவன். செல்வியின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவளுக்கு அது முதல் பிள்ளை. உள்ளே நான் அவளது வயிற்றை அளந்துகொண்டிருக்க, வெளியே யோகன் நன்றிக்கடனாக என் வண்டியைத் திருகிக்கொண்டிருந்தான். முன்னவர் கெடுத்துவிட்டார் என்பதுதான் அவனுடைய கண்டுபிடிப்பும்.

அடுத்த கிழமை நான் போனபோது செல்விக்கு வலி தொடங்கியிருந்தது. யோகன் நெல் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போயிருந்தான். போனுக்குச் சிக்னல் இல்லை. அயலில் இருந்த ஒரே உழவு இயந்திரமும் வயலுக்குள் இறங்கிவிட்டது. வலிக்கு இன்னும் நல்ல இடைவெளி இருந்ததால், அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கிரவல் வீதி, குழிக்குமேல் குழி. நிறைமாதக்காரியோடு வேகமாக ஓட முடியாது. மெதுவாக ஓட யோகனின் கைவண்ணம் விடவில்லை. நாலாவது முறை நூந்த இடம் நடுக்காடு. பக்கத்தில் யானை லத்தி, அதுவும் புதிது.

செல்வி ஒரு மரக்குற்றியில் இருந்துகொண்டு வண்டியைப் பார்த்தாள்.

"மிஸ், இது முதல்ல ஸ்டார்ட் ஆகுமா, நான் முதல்ல பெத்துருவேனா?"

"கொஞ்சம் இரும் செல்வி. இண்டைக்கு நான் திருகிப் பாக்கிறன்."

மூன்று பேரிடமும் வேண்டாத அளவுக்குப் பாடம் கேட்டிருந்தேன். மூன்று பேரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றுதான்: எயர் ஸ்குரூவை முழுக்க இறுக்கி, ஒன்றரைச் சுற்றுத் திருப்பிவிட வேண்டும். ஆனால் மூவரும் எஞ்சின் ஆறிக்கிடக்கும்போதே திருகினார்கள். திருகிய கையோடு அக்சிலேட்டரை முறுக்கி, தங்கள் வெற்றியைத் தாங்களே கேட்டு மகிழ்ந்தார்கள். ஒருவரும் காத்திருக்கவில்லை. எனக்கோ காத்திருப்பதற்குத்தான் சம்பளம்.

எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. நூராதிருக்க ஸ்லோவைச் சற்றுக் கூட்டினேன். எயர் ஸ்குரூவை மெல்ல இறுக்கி, ஒன்றரைச் சுற்று விட்டு, உதைத்து ஸ்டார்ட் செய்தேன். அங்கிருந்து துளித்துளியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கேட்டேன். இடையில் செல்விக்கு வலி வந்தது. ஒரு கையில் அவளது கை, மறு கையில் ஸ்குரூ ட்ரைவர். பயிற்சிக் கல்லூரியில் இதைச் சொல்லித்தர மறந்துவிட்டார்கள். ஓரிடத்தில் இருமல் அடங்கிச் சத்தம் உருண்டு வந்தது. அதைத் தாண்டினால் மறுபடி இருமியது. திரும்பிவந்து அங்கேயே விட்டேன். பிறகு ஸ்லோவைக் குறைத்தேன். குறைத்தேன், இன்னும் குறைத்தேன். நூரவில்லை.

செல்வி எழுந்து சேலையைத் தட்டிவிட்டு வந்து ஏறினாள். அதற்குப் பிறகு நாங்கள் போனது நடைவேகம்தான். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். குழியில் இறங்கும்போதெல்லாம் அவள் நகம் என் தோளில் பதிந்தது. எஞ்சின் மட்டும் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பொழுதுபடப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாளே இரண்டு ஸ்குரூவின் மேலும் கிளினிக் பிளாஸ்டரை ஒட்டிவிட்டேன். நன்றி சொல்ல வந்த யோகன் பழக்கதோஷத்தில் வண்டியருகே குந்தினான்.

"என்ன மிஸ், இதுக்குக் காயமோ?"

"ஓம். தொடாதேங்கோ, ஆறட்டும்."

பெற்றோல் பட்டு உரிய உரிய ஒட்டினேன். அந்த வண்டியை விற்கும்வரை ஒருவரும் கை வைக்கவில்லை. டொக்டர் சொன்னால் கேட்காதவர்களும் பிளாஸ்டருக்கு அடங்குவார்கள்.

இப்போது அந்த வீதிக்குத் தார் போட்டிருக்கிறார்கள். அபிவிருத்தி ஒருவழியாக வந்து கதவைத் தட்டியபோது வீட்டில்தான் ஆள் இல்லை. யோகன் கட்டாரில். செல்வி மகளின் படிப்புக்காக வவுனியாவில் அறை எடுத்திருக்கிறாள். அயல் வீடுகளும் அப்படித்தான். முற்றத்துத் தென்னைகளை யானைகள் பொறுப்பெடுத்துவிட்டன. அந்தக் குடியிருப்பில் இன்று எனக்கு ஒரு கர்ப்பிணியும் இல்லை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஒரே மூச்சில் கடந்துவிடுகிறேன். மெதுவாக்கி நின்று கதைக்க அங்கே யாரும் மிச்சமில்லை.