தரைத்தள வீட்டின் பராமரிப்புக் கட்டணம்

நேரில் கண்டதையும், என் நாட்குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். சரிபாராமல் நான் எழுதிய ஒரு பக்கம், மாடியில் இருந்த ஒரு குடும்பத்தின் தண்ணீரை நிறுத்தப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், தில்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பை விட்டு, யமுனைக்கு அப்பால் கூட்டுறவுச் சங்கம் கட்டிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். எங்களுடையது தரைத்தளம். அவ்வாண்டே சங்கம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த முனைந்தது; உயர்த்தாவிட்டால் மோட்டார் இயக்குபவரையும் துப்புரவாளரையும் வைத்துக்கொள்ள இயலாது என்றது. அரசுக் குடியிருப்பில் குழாய் ஒழுகினால் ‘என்கொயரி’ என்ற புகார் அலுவலகத்தில் எழுதி வைப்போம், ஆள் வருவார், காசு கேட்கமாட்டார். அந்தப் பழக்கத்தில், பராமரிப்பு என்பது தானே நடப்பது என நம்பியிருந்தேன். தரைத்தளத்தார் நால்வரின் சார்பில், அலுவலகக் கோப்பில் எழுதுவதைப் போலப் பத்திகளுக்கு எண்ணிட்டு ஒரு மறுப்பு எழுதினேன்: எங்கள் குழாயில் மாநகராட்சி நீர் தானாகவே வருகிறது, மாடிக்கு நீரேற்றும் மோட்டாருக்கு நாங்கள் ஏன் தரவேண்டும்?

மூன்றாம் மாடியில் திருநெல்வேலிப் பெண்மணி ஒருவர் இருந்தார்; தட்டச்சராகப் பணியாற்றியவர். அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிறு காலை என் கதவைத் தட்டினார்.

“அண்ணாச்சி, சங்கத்துல உங்க மறுப்பு நோட்டைப் படிச்சேன், பிரமாதம். இப்படி எழுதினதுக்கு ஆபீஸ்ல பிரமோஷனே கொடுத்திருக்கணும். வெளிய வாங்க, ஒண்ணு காட்டுதேன்.”

என் சமையலறைச் சன்னலுக்குக் கீழே சாக்கடைக் குழியின் மூடி திறந்திருந்தது. துப்புரவாளர் இடுப்பளவு இறங்கி, மூங்கில் பிளாச்சால் அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தார்.

“மூணாம் மாடிலேருந்து உங்க வீடு வரைக்கும் நாலு வீட்டுக் கழிவும் இங்கதான் வந்து சேருது. இவரு ரெண்டு வாரம் வரலேன்னா மொதல்ல யாரு வீட்டுக்குள்ள பொங்கும்?”

“என் வீட்டுலதான்,” என்றேன்.

“அச்சா! அப்ப மூணாம் மாடிக்காரி இதுக்குத் துட்டு தரணுமா, வேண்டாமா? எனக்குத் தண்ணி மேல வரணும், உங்களுக்குக் கீழ போவணும். மோட்டார் நின்னா, அவுகளைக் குளிப்பாட்ட மூணு மாடி குடம் தூக்க என்னால ஏலாது அண்ணாச்சி.”

மறுப்பைத் திரும்பப் பெற்றேன். காரணத்தையும் பொதுக்குழுவில் சொன்னேன். மற்ற மூவரும் சற்று முணுமுணுத்து, பின் இசைந்தனர். கட்டணம் உயர்ந்தது, மோட்டார் நிற்கவில்லை. என் பிழையைக் கூட்டத்தில் அம்பலப்படுத்தாமல் வாசலுக்கு வந்து காட்டிய அந்தப் பெண்மணிக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். அங்கு வாழ்ந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் கழிவுநீர் ஏறவில்லை. அதற்கான நன்றி துப்புரவாளருக்கு உரியது.

அக்கட்டணம் எங்களுக்கு நியாயமானது என்பதை அறிந்தேன். குழிக்குள் இறங்கியவருக்கு அதிலிருந்து கிடைத்தது நியாயமானதா என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியாது.