சட்டைப் பையின் மூலை

அப்பா தையல்காரர். அந்தப் பெரிய ஓட்டலில் பரிமாறுபவர்களுக்குப் பத்து வருடமாக அவர்தான் சட்டை தைத்தார். இந்த வருடம் முதலாளி, "புதுசு வேண்டாம், பழசே போதும்" என்று சொல்லிவிட்டார். அதை நம்பாத அப்பா, எங்களையெல்லாம் அங்கேயே சாப்பிடக் கூட்டிப் போனார்.

மாமாதான் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தார்; அம்மா விடாமல் இழுத்து வந்தாள். அம்மாவின் தம்பி, அப்பாவிடம் தொழில் கற்றுத் தனிக்கடை போட்டவர்.

அம்மா விலைப்பட்டியலைப் பிரித்தாள். "ஒரு கிண்ணம் சூப்பு இந்த விலையா? அதுலயே குளிச்சுட்டுப் போக விடுவாங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. தண்ணீர் ஊற்ற வந்த பெண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கண்ணு அங்கயே நிக்குது?" அம்மாவின் குரல் மாறிவிட்டது.

"சட்டை புதுசுடி."

சட்டைப் பையின் மூலையில் சின்ன முக்கோணமாகத் தையல் ஓடியிருந்தது. அப்படி முடிப்பது அப்பாவின் பழக்கம். அதை அவர் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மாமா விலைப்பட்டியலை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். இரண்டே பக்கம்தான், இன்னும் படித்து முடிக்கவில்லை.

"மாப்பிள்ளை, எத்தனை சட்டை?" என்றார் அப்பா மெதுவாக.

பட்டியலுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நாப்பது, மச்சான். அவங்களா வந்து கேட்டாங்க."

"அவங்களா வந்தாங்களா, நீயா போனியாடா?" கேட்டது அம்மா.

அந்தப் பெண் சூப்பை வைத்துவிட்டுப் போனாள். மாமா விலைப்பட்டியலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.