பாதத்தில் விழுந்த குழி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் மெதுவாக எழுந்து போய்விடுகிற ஆள் நான். சமூகப் பணியில் முதுகலை படித்தவள். படிவம், அளவு, ஆதாரம் என்றே பழகியவள். பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடும்போதுகூடப் பக்கத்தில் நிற்பேனே தவிர மனசு அதில் ஒட்டாது. இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்து, இரண்டு தடவை எழுதி அழித்து, இப்போது எழுதுகிறேன். நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை. நானே பாதி நாள் நம்புவதில்லை.

முதலில் வெளிநாட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றது புரியாது.

கல்லூரி முடித்த வருடமே ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து ஜாம்பியாவுக்குப் போனேன். கிராம மேம்பாட்டு வேலை. கிணறு, கழிப்பறை, மகளிர் குழு என்று எத்தனையோ இருந்தாலும் எனக்குக் கொடுத்தது குழந்தைகளின் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு சோதனை செய்ய வேண்டும். மேல்கையில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பச்சை வந்தால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. அப்புறம் இரண்டு பாதங்களின் மேலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுக்க வேண்டும். குழி விழுந்து அப்படியே நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். சத்தில்லாமல் வீங்கிய பிள்ளை பார்வைக்குக் கொழுகொழுவென்றுதான் இருக்கும், அதனால் கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்று முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வழக்கம். கதவைத் தட்ட மாட்டார்கள். முற்றத்தின் ஓரத்தில் நின்று, உள்ளங்கைகளைக் குழித்துக்கொண்டு மூன்று தடவை தட்டுவார்கள். நம் ஊர்க் கைதட்டல் போலச் சுளீரென்று இருக்காது, தண்ணீருக்குள் தட்டுவது போல மொத்தையான சத்தம். உள்ளேயிருந்து 'வாருங்கள்' என்பதற்கு ஒரு சொல் சொல்வார்கள். அந்தச் சொல் வராமல் உள்ளே காலை வைக்கக் கூடாது. சொல் வந்த பிறகு உள்ளே போகாமல் திரும்பவும் கூடாது. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டாவது வருடம், மழைக்காலம். ஓடைக்கு அந்தப்புறம் ஒரே ஒரு வீடு பாக்கி. தண்ணீர் ஏறுகிறது என்று ஓட்டுநர் ஜீப்பின் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். நான் முற்றத்தோரம் நின்று கை தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொன்னாள். வாசலில் இரண்டு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. உப்பிய கன்னம், தடித்த கால். மறுபடி ஹாரன். நின்ற இடத்திலேயே படிவத்தில் 'பச்சை' என்று எழுதினேன், பாத வீக்கம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன், அந்தப் பெண் வெளியே வருவதற்குள் திரும்பி நடந்துவிட்டேன்.

ஜீப்பில் ஏறிய பிறகுதான் மனசில் பட்டது. அந்தக் குழந்தையின் தலைமுடி, சத்தில்லாத பிள்ளைகளுக்குப் போல, செம்பட்டையாக இருந்தது. முகத்தில் ஈ உட்கார்ந்தும் அது தட்டிவிடவில்லை. அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சை விழுந்த வீட்டுக்கு அடுத்த சுற்று கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

இப்போது நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டியில், சிப்காட் பக்கம். என் கணவர் முரளிக்கு இரும்புக் கம்பி ஆலையில் தரப் பரிசோதனை வேலை, வாரா வாரம் ஷிப்ட் மாறும். ஒரே மகள் யாழினி. இது நடந்தபோது அவளுக்கு இரண்டேகால் வயது. பக்கத்து வீட்டில் கௌரி அக்கா, ஆரம்பாக்கத்துக்காரர், ஒரு கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்ட் முடித்து இரண்டரை மணிக்கு வந்துவிடுவார்.

சில நாட்களாக யாழினி காலையில் எழும்போது கண் இமை தடித்திருந்தது. கொசு கடித்திருக்கும் என்று நினைத்தேன், அப்புறம் ஆலைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்தேன், அப்புறம் ரொம்ப நேரம் தூங்கவிட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். முரளியிடம் சொன்னால், "நீ சும்மா பேஜாரு பண்ணிக்காத. கொயந்தை இப்பதான் சதை போடுது, அதுக்கும் ஒரு கவலையா?" என்றார். எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவள் என்று எனக்குப் பேர் விழுந்துவிட்டது, அதனால் என் கவலையை நானே நம்புவதில்லை. அந்த வாரம் அங்கன்வாடி டீச்சர் எடையும் கைச்சுற்றளவும் பார்க்க வந்தார். கேட் அருகிலேயே நின்று, "இவளுக்கு இன்னாத்துக்கும்மா டேப்பு? பூசணிக்கா மாதிரி கீறா" என்று சிரித்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனார். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது கிடைத்தது நிம்மதிதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மத்தியானம். முரளி இரண்டாவது ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். மின்சாரம் இல்லை. யாழினியை அறையில் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, வாசல் கதவை உள்பக்கம் தாழ் போட்டேன். லாரிகள் போகிற தெரு, அவள் எழுந்து வெளியே ஓடிவிடுவாள் என்று எப்போதும் போடுவேன். சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசல் பக்கம் கைதட்டல் கேட்டது. மூன்று தடவை. தண்ணீருக்குள் தட்டுவது போல.

நான் பயப்படவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது வித்தியாசமாகவே படவில்லை. கை கீரையிலேயே இருக்க, வாய் தானாக அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டது. இரண்டு வருடம் தினமும் கேட்ட சொல், நானும் என் அறை வாசலில் வந்து நின்றவர்களுக்குச் சொன்ன சொல். சொன்ன பிறகு இன்னும் நாலைந்து காம்பு கிள்ளியிருப்பேன். அப்புறம்தான் நான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

எழுந்து வாசலுக்குப் போனேன். தாழ் போட்டபடி இருந்தது. திறந்து பார்த்தேன், யாரும் இல்லை. மூடிவிட்டு அறைக்குள் போனேன். யாழினி மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு பாதங்களின் மேலும் ஒவ்வொரு குழி இருந்தது.

பாய் அழுந்திய தடமாக இருக்கும், பொம்மை அழுந்தியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் மல்லாக்கப் படுத்திருந்தாள், பாதத்தின் மேல்பக்கம் எதுவும் படவில்லை. இரண்டு காலிலும் ஒரே இடம், எங்களுக்கு எங்கே அழுத்தச் சொல்லிக்கொடுத்தார்களோ அதே இடம். இதில் என்னை இன்னும் விடாதது வேறொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழிகள் மெல்ல மேலே எழும்பி நிரம்பிக்கொண்டிருந்தன. இதைப் பல பிள்ளைகளின் காலில் பார்த்தவள் நான். குழி விழுந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவை முழுதாக மறையும் வரை நின்று பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, என் கட்டைவிரலால் அழுத்தி, மூன்று எண்ணி எடுத்தேன். குழி விழுந்து நின்றது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கௌரி அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைக் கவனிக்காமலே, "இன்னாம்மா, கை தட்னவங்க போய்ட்டாங்களா? நீ கூட ஏதோ பாஷைல கூப்டியே" என்றார். யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது என்றார்.  பிள்ளையின் பாதத்தைக் காட்டினேன். அவர் துணியை அப்படியே போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூட்டிவந்தார்.

அன்று சாயங்காலமே சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது, அதனால்தான் நீர் கோக்கிறது என்றார்கள். சதை என்று எல்லோரும் சொன்னதெல்லாம் தண்ணீர். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் வயிற்றில் நீர் கட்டிக் கிருமி தொற்றியிருக்கும், அப்புறம் பிள்ளையைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. முரளி ஆலைச் சீருடையோடு வந்து சுவரோரம் நின்று அழுதார். நான் அவர் சட்டையில் இருந்த துருக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலை அழுத்திப் பார்க்கணும்னு யாரும்மா சொன்னாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் சார் பார்த்தேன். ஃபீல்டுல வேலை செஞ்சிருக்கேன்."

அவர் மெச்சிக்கொண்டு அதையும் எழுதினார். தாயே முதலில் கண்டுபிடித்தார் என்று அந்தத் தாளில் இருக்கிறது. என் பேரில் பொய் ஏறிய இரண்டாவது படிவம் அது.

மாத்திரை பல மாதம் ஓடியது. முகம் வற்றி, கால் வற்றி, உண்மையில் எவ்வளவு ஒல்லியான பிள்ளை என்று அப்போதுதான் பார்த்தோம். வீட்டில் தினமும் காலையில் சிறுநீரில் புரதம் காட்டும் சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். இப்போது நன்றாக இருக்கிறாள். முரளியிடம் கைதட்டலைப் பற்றிச் சொன்னேன். அவர், "கொயந்தை பொயச்சிச்சு. அத்தோட வுடு" என்றார்.

விட முடியவில்லை. என்னோடு அங்கே வேலை பார்த்த மெர்சி இன்னும் அதே மாவட்டத்தில் இருக்கிறாள். ஓடைக்கு அந்தப்புறம் இருந்த வீட்டைப் பற்றிக் கேட்டு அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பழைய தாள்களைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டாள். அந்த வீட்டில் பிள்ளை நலம் என்று இருப்பதால் அப்புறம் யாரும் போகவில்லையாம். அடுத்த வருடம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அங்கே வீடே இல்லை, தரைதான் இருந்ததாம், அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டிருந்தாள். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். யாழினிக்கு மூன்று வயது ஆனதிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மத்தியானம் தூங்கி எழுந்தால் நேராக என்னிடம் ஓடி வர மாட்டாள். நான் இருக்கிற அறையின் வாசற்படியில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துக்கொண்டு மூன்று தடவை தட்டுவாள். தட்டிவிட்டு நிற்பாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் யாரும் அப்படித் தட்டுவதில்லை, நான் அந்த மாதிரி தட்டி வருடங்கள் ஆகின்றன. "வாடி செல்லம்" என்றால் வர மாட்டாள். வா என்று தமிழில் எத்தனை விதமாகச் சொன்னாலும் அசைய மாட்டாள். அவள் எந்தச் சொல்லுக்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும், அதை நான் சொல்வதில்லை. செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய் வாசற்படியில் நின்று தூக்கிக்கொள்வேன். தூக்கியதும் இரண்டு பாதங்களையும் அழுத்திப் பார்ப்பேன். குழி விழுவதில்லை.

போன வாரம் ஒரு நாள் சமையலறையில் கையெல்லாம் மீன் செதில். வாசற்படியில் மூன்று தட்டல் கேட்டது. "இரும்மா, கை கழுவிட்டு வரேன்" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தேன். கழுவி முடித்துத் திரும்புவதற்குள் அவள் உள்ளே வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சிரித்த முகமாக, யாரோ வரச் சொன்னது போல.

அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.