பயந்தவர்களின் கடவுள்

கன்றுக்குட்டி சிவப்புத் தடிகளைத் தாண்டி ஓடியதும் நானும் கையை வீசி அதட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஸ்கந்தபுரத்தில் வயலோடு வளர்ந்தவளுக்கு மாடு எங்கே புகுந்தாலும் துரத்தத்தான் தெரியும். கன்று ஒரு சுற்றுச் சுற்றிப் பத்திரமாக வெளியே போய்விட்டது. நான்தான் மிதிவெடி அகற்றாத நிலத்தின் நடுவில் நின்றேன். சிவப்புத் தடிக்கு அப்பால் கால் வைக்கக்கூடாது என்பது மிதிவெடி அகற்றும் இந்த வேலையில் சேர்ந்த அன்றே சொல்லித் தந்த பாடம். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அசையாதை பிள்ளை. நிண்ட இடத்திலை நில். நான் வாறன்."

குரல் எங்கள் குழுத் தலைவி அக்காவுடையது. முல்லைத்தீவுக் கடற்கரைக் கத்தோலிக்கர். வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். வேலைக்கு வந்த புதிதில் பயத்தில் வெடிகாப்பு அங்கியோடேயே பஸ் ஏறி வீட்டுக்கு ஓடியவர் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தேநீர் வேளையில் அவர் சொல்லும் வேதாகமக் கதைகளிலும் வீரர்களே இருக்கமாட்டார்கள். எனக்கு வாய் திக்குது, வேறு ஆளை அனுப்பும் என்று கடவுளிடமே மன்றாடிய மோசே. எதிரிக்குப் பயந்து திராட்சை ஆலைக்குள் ஒளித்திருந்து கோதுமை அடித்த கிதியோன். ஒரு வேலைக்காரிக்குப் பயந்து பொய் சொன்ன பேதுரு. கடவுளுக்கு அவ்வளவு ஆள் தட்டுப்பாடோ என்று நான் பகிடி பண்ணுவேன். "ஓம், அதாலைதான் என்னையும் எடுத்து வைச்சிருக்கிறார்" என்பார்.

அன்று அவர் வெடி கண்டறியும் கருவியோடு முழந்தாளில் அங்குலம் அங்குலமாக என்னை நோக்கி வழி எடுத்து வந்தார். என் கணுக்காலில் முசுறு எறும்பு ஏறிக் கடித்தது. குனிந்து தட்டிவிடப் பயமாக இருந்தது. மூச்சு விடவே பயமாக இருந்தது. பாதித் தூரத்தில் கருவி கத்தியது. மண்ணைச் சுரண்டிப் பார்த்தார், உள்ளே மிதிவெடி. ஓடி வந்தபோது நான் அதற்குப் பக்கத்தில்தான் கால் வைத்திருந்தேன். அடையாளம் குத்திவிட்டு அப்படியே உறைந்து இருந்தார். திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். போனால் குறை சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

"ஆண்டவரே, என்னாலை ஏலாது. நீர்தான் இந்தக் கையைப் பிடிக்கவேணும்" என்று உரத்துச் சொன்னார். பிறகு அந்த இடத்தைச் சுற்றி மறுபடி தவழத் தொடங்கினார்.

அந்த நிலத்தில் இப்போது கச்சான் கடலை விளைகிறது. இன்று நானும் ஒரு குழுவை நடத்துகிறேன், இப்போதும் வற்றாப்பளை அம்மனைத்தான் கும்பிடுகிறேன். கடவுள் பலம் தந்தால் பயம் ஓடிவிடும் என்று அன்றுவரை நம்பியிருந்தேன். அக்கா என்னை எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தபோது அவர் கை என் கையை விட மோசமாக நடுங்கியது.

"அக்கா, உங்களுக்குப் பயம் போகேல்லையோ?"

"எங்கை போறது, அப்பிடியே கிடக்கு. நான் மிதிச்ச இடத்திலை மட்டும் காலை வைச்சு வா."