விலாசத்துக்கு விசாரணை வரும்

அவர் செய்த பற்களைக் கொண்டு இந்த நகரத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் மென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. பல் டாக்டரிடமிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வரும். அதற்குள் யாரோ ஒருவருடைய வாயின் அச்சும், பல் எந்த நிறத்தில் வேண்டும் என்று எண் போட்ட ஒரு சீட்டும் இருக்கும். அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நடுவார். பிறகு மெழுகைக் கொதிநீரில் உருக்கி விரட்டிவிட்டு, அந்த இடத்தில் ரோஜா நிறப் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. அந்த நகரத்துத் தமிழர்கள் அவரைப் பல்செட் என்றே அழைத்தார்கள். அவருடைய சொந்தப் பற்கள் முப்பத்திரண்டும் கல் மாதிரி இருந்தது அதற்கு ஒரு தடையாகவே இல்லை.

பிறந்த நாட்டின் குடியுரிமையை விடுவது பெரிய முடிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பல்செட்டுக்கோ அதை எந்த நாளில் முடிவு செய்தோம் என்றே நினைவில்லை. மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நாலு வருடத்துக்கு முன்பே, ரேஷன் கடை மாற்றுகிறவர் போல, சத்தமில்லாமல் நாடு மாறிவிட்டார். பதினைந்து வயது மகள் இங்கேயே பிறந்தவள். விமான நிலையத்தில் குடும்பம் இரண்டு வரிசையாகப் பிரியும். நீளமான வரிசை எப்போதும் இவருடையது. “நம்ம வீட்ல வெளிநாட்டுக்காரர் நீங்க ஒருத்தர்தாம்ப்பா” என்று மகள் அந்தப் பக்கத்திலிருந்து கையாட்டுவாள். சிரித்துக்கொள்வார். பிறகு வேலை அனுமதிக்கு ஐம்பது வயதுக்கு மேல் புதுப்பிப்பு நிச்சயமில்லை என்று விதி மாறியது. அவருக்கு நாற்பத்தெட்டு. விண்ணப்பித்தார்.

பதில் மரியாதையாக வந்தது. உங்களை ஏற்றுக்கொள்ளச் சம்மதம், ஆனால் ஆறு மாதத்துக்குள் பழைய குடியுரிமையை விட்டதற்குச் சான்று காட்ட வேண்டும் என்றிருந்தது. ஒருவர் இரண்டு நாட்டுக்குக் குடிமகனாக இருப்பது இந்த நாட்டுக்கும் ஆகாது, அந்த நாட்டுக்கும் ஆகாது. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு நாடுகள் இந்த ஒன்றில் மட்டும் கைகோர்த்துக்கொண்டன.

சான்று வாங்கத் தூதரகத்துக்குப் போனார். வேண்டாம் என்று சொல்ல வந்தவரிடம், நீங்கள் எங்கள் ஆள்தான் என்று முதலில் நிரூபியுங்கள் என்றார்கள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, அப்பா பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர், காது இரண்டும் தெரிகிற மாதிரி நாலு போட்டோ. மூன்று முறை லீவு போட்டு அலைந்தார். அந்த நாட்டுக் குடிமகனாக அவர் இவ்வளவு மும்முரமாக இருந்தது அந்த ஒரு மாதத்தில்தான்.

மூன்றாம் முறை கவுன்டரில் இருந்த குமாஸ்தா தாள்களை அடுக்கி ஊசி குத்திக்கொண்டே சொன்னார். “நீங்க பொறந்த விலாசத்துக்கு விசாரணை போகும். ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வருவாங்க. வீட்ல சொல்லி வச்சிடுங்க, இல்லன்னா பயந்துடுவாங்க.”

“அக்கா மட்டும்தான் இருக்காங்க.”

“அவங்களுக்குத் தெரியும்ல?”

“சொல்லணும்.”

குமாஸ்தா அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். எப்படியும் ரெண்டு மாசம் ஆகும், அவசரமில்லை என்று ஆறுதலும் சொல்லி அனுப்பினார்.

அக்கா இவரைவிடப் பதினொரு வயது மூத்தவர். இவர் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட, படிக்கவைத்தது, பல் வேலை பழக அனுப்பியது, விமானம் ஏற்றியது எல்லாம் அக்காதான். அரசு அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வைத்து மனுவும் ஃபாரமும் எழுதித் தருகிறார். காகிதத்தைப் பொறுத்தவரை அந்த ஊரில் பாதிப்பேர் பிறந்ததும் மணந்ததும் செத்ததும் அக்கா கையால்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், அந்த ஃபாரம் மட்டும் கடையில் தீர்ந்துவிட்டது என்பார்.

இந்த அக்காவிடம்தான் பல்செட் பத்தொன்பது வருடமாக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் இரண்டே வருடம் என்றார். அப்புறம் பெண் பேசப் பழகட்டும் என்றார். பிறகு பள்ளிக்கூடம் முடியட்டும் என்றார். ஒன்றும் பொய் இல்லை. சொல்லும்போது ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்தது. வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை அக்கா வாடகைக்கு விடாமல் வைத்திருந்தார், தம்பி வந்து அங்கே பல் லேப் வைப்பான் என்று. ஆறு வருடத்துக்கு முன் அங்கே தண்ணீர்க் குழாய் இழுத்து, கல் மேடையும் கட்டினார். மேடை எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு, இவரே தன் வேலை மேசையை டேப் வைத்து அளந்து, முப்பத்தாறு அங்குலம் என்று போனில் சொன்னார். அந்த முப்பத்தாறு அங்குலம்தான் இப்போது தொண்டையில் நின்றது. வேறு யார் சொல்லி அக்காவுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, ஒரு போலீஸ்காரர் சொல்லித் தெரியக் கூடாது. அதற்குமுன் தானே சொல்லிவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் போன் செய்வார். அங்கே அப்போது மாலை. அக்கா கடையில் இருப்பார். முதல் வெள்ளிக்கிழமை அக்காவின் பிரின்டர் பழுது. பாதிப் பேச்சு அதிலேயே போனது. இரண்டாவது வாரம் அக்காவுக்கு ஜலதோஷம். சளி பிடித்தவரிடம் இதைச் சொல்வது நியாயமில்லை என்று பட்டது. மூன்றாவது வாரம் இவருக்கே ஜலதோஷம். நான்காவது வாரம் நன்றாக மூச்சு இழுத்துக்கொண்டு, “அக்கா, ஒரு விஷயம்” என்றார்.

“சொல்லு” என்றார் அக்கா.

“அங்க மழையா?”

“இல்லையே.”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

அன்று மாலை மனைவி வழக்கம்போலக் கேட்டார். “என்னங்க, சொன்னீங்களா?”

“பேச்சு வேற பக்கம் போயிடுச்சு.”

“உங்க பேச்சு எப்பவும் வேற பக்கம்தான் போகும். போலீஸ்காரர் பேச்சு நேரா வீட்டுக்குப் போகும், பாத்துக்கோங்க.”

அரசாங்கம் மெதுவாகத்தான் நடக்கும் என்பது பல்செட்டின் நம்பிக்கை. அவருக்குத் தெரிந்து அந்த அரசாங்கம் அப்பாவின் இறப்புச் சான்றை ஒன்றரை வருடம் கழித்துத்தான் கொடுத்தது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வெள்ளிக்கிழமைகளையும் அந்த நம்பிக்கையின் மேல் சாய்ந்தே கடத்தினார்.

எட்டாவது வாரம் புதன்கிழமை தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தது. போனார். குமாஸ்தா பழைய பாஸ்போர்ட்டை வாங்கி, கத்திரிக்கோலால் அட்டையின் ஒரு மூலையை நறுக்கி, நகம் வெட்டிய துண்டை ஊதுவது போல ஊதிவிட்டு, திருப்பிக் கொடுத்தார். சான்றிதழில் முத்திரை விழுந்தது. மொத்தம் நாலு நிமிடம். அந்த நிமிடத்திலிருந்து புதிய நாட்டில் உறுதிமொழி எடுக்கும் நாள்வரை அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. திரும்பும்போது பஸ் டிரைவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சான்றிதழோடு இணைப்பு என்று சில தாள்களையும் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து புரட்டினார். மூன்றாவது தாள் விசாரணை அறிக்கை.

“மேற்படியாரின் பிறந்த விலாசத்தில் நேரில் விசாரித்ததில், அங்கு அவரது மூத்த சகோதரி மட்டும் வசித்துவருவது தெரியவந்தது. குடியுரிமையை விடுவது பற்றி மேற்படியார் பல மாதங்களுக்கு முன்பே தம்மிடம் தெரிவித்துச் சம்மதம் பெற்றிருப்பதாகச் சகோதரி கூறினார். மேற்படியார் திரும்பி வந்து வசிக்கும் எண்ணம் ஏதும் இல்லை என்பது தமக்குத் தெரியும் என்றும், வீட்டாருக்கு இதில் ஆட்சேபணை இல்லை என்றும் கூறினார்.”

கீழே போலீஸ்காரரின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. தேதி நாலு வாரத்துக்கு முந்தையது. மழையா என்று கேட்ட வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு.

இன்னொன்றையும் கவனித்தார். மற்ற தாள்களிலெல்லாம் எழுத்து ஓரம்வரை முட்டிக்கொண்டு நின்றது. கோப்புக்குத் துளை போட்டவர்கள் வார்த்தைகளின் மேலேயே துளைத்திருந்தார்கள். இந்தத் தாளில் மட்டும் இடது பக்கம் மூன்று விரல் இடம் வெறுமையாக விட்டிருந்தது. துளை அதில் ஒழுங்காக விழுந்திருந்தது. அப்படி இடம் விட்டு அடிப்பவர் அந்த ஊரில் ஒருவர்தான். ஸ்டேஷனில் டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அறிக்கைகள் எல்லாம் அக்காவின் மனுக் கடைக்குத்தான் போகும். இதுவும் போயிருக்கிறது. விசாரிக்க வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க, விசாரிக்கப்பட்டவர் பதில் சொல்லி, அதைத் தானே அடித்து, பிழை பார்த்து, பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட இடத்தையும் காட்டியிருக்கிறார். அறிக்கையில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. பல மாதங்களுக்கு முன்பே தெரிவித்தார் என்ற வரி மட்டும் பொய்.

இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கினார். லேபுக்குப் போனார். அன்று பிற்பகல் மூன்று செட் முடித்தார். மூன்றும் குறையில்லாமல் இருந்தன. அழுகை வந்ததா என்று மனைவி கேட்டபோது யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றார். ஊசி போட்டு மரத்துப்போன உதட்டைக் கடித்தால் வலிக்காது, கடித்தது மட்டும் தெரியும் என்று டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவருக்கு அந்த அனுபவம் இல்லை. பற்கள்தான் கல் மாதிரி ஆயிற்றே. மனைவி அறிக்கையை வாங்கி இரண்டு முறை படித்தார். “அவங்க உங்களுக்கு அக்கா இல்லீங்க, வக்கீல்” என்றார். 

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் போன் செய்தார்.

“அக்கா, பேப்பர் வந்துடுச்சு.”

பின்னால் ஓடிக்கொண்டிருந்த பிரின்டரை அக்கா ஓடி முடிய விட்டார். பிறகு, “சீல் தெளிவா விழுந்திருக்கா?” என்று கேட்டார்.

“விழுந்திருக்கு.”

“ரெண்டு காப்பி எடுத்து வச்சுக்கோ. ஒரிஜினலை யார் கேட்டாலும் குடுக்காத, காட்டு, அவ்வளவுதான்.”

சரி என்றார். கொஞ்சம் பொறுத்து, “நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா” என்றார்.

“சொல்லியிருந்தா வேணாம்னிருப்பேன். நீயும் விட்டிருப்ப. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் உக்காந்துக்கிட்டு, உன்னாலதான் உன்னாலதான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்திருப்போம்.”

“அந்தாளு வந்து கேட்டப்ப...”

“ஆட்சேபணை இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னு ஒரு வார்த்தை அடிச்சா போதும், கேஸு ஒரு வருஷம் கிடப்புல கிடக்கும். உன் ஆறு மாசம் போயிடும். எத்தனை பேருக்கு அடிச்சுக் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?” அக்காவின் குரலில் கோபம் இல்லை, கடைக்கு வருகிறவர்களுக்கு விளக்குகிற குரல்தான். “விரலை வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அந்தாளு, என்னம்மா கரன்ட் போயிடுச்சான்னாரு.”

பல்செட் சிரிக்க முயன்றார். வரவில்லை. “நாலு வாரமா நீ ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?”

“நீ சொல்றியான்னு பாத்தேன்.”

 அக்கா பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த விஷயத்துக்குப் போனார். பின்பக்கத்து அறைகளை ஒரு டியூஷன் டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றாம் தேதி முதல் வருகிறார், பிள்ளைகள் சத்தம் இருக்கும், இருக்கட்டும், என்று வேறு யாருடைய வீட்டையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அதற்குள் கடையில் யாரோ வந்தார்கள். இரு, ஆள் வந்திருக்கு என்று அக்கா போனை மேசைமேல் வைத்தார். பெயர், அப்பா பெயர், வயது, எத்தனை வருடமாகக் குடியிருக்கிறீர்கள் என்று அக்கா கேட்பதும், வந்தவர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்வதும் கேட்டது. பல்செட் போனைக் காதிலேயே வைத்திருந்தார். மனு முடிந்து, நாற்காலி நகர்ந்து, அக்கா திரும்ப எடுக்க எட்டு நிமிடம் ஆனது.

“இன்னும் வைக்கலையா நீ?”

“இல்லக்கா. அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி உறுதிமொழி எடுக்கணும். காலையில பதினோரு மணிக்கு.”

“உன் பொண்டாட்டி லீவு போட்டுட்டாளா?”

“அவளுக்கு இன்னும் தெரியாது. நேத்து சான்றைக் காட்டினேன், இன்னிக்குக் காலையிலதான் லெட்டர் வந்துச்சு. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன்.”



“நல்லா இருக்குடா உன் நியாயம்” என்றார் அக்கா. “எனக்குச் சொல்ல வேண்டியதை அவகிட்ட சொன்ன, அவகிட்ட சொல்ல வேண்டியதை என்கிட்ட சொல்ற. போனை வச்சுட்டு அவளுக்குப் போடு.”

வைத்துவிட்டு மனைவிக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் மனைவி போனை எடுப்பதில்லை. அது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. இன்னொரு முறை அடித்தார்.