காம்பவுண்டு சுவரில் வந்த பதில்

அப்பா இறந்தபிறகு அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். உருகிய ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. அவர் எங்கோ பழசாக வாங்கிய கையடக்கக் கணினியின் உறைதான் பிசுபிசுத்துப் போயிருந்தது. அது விரலில் ஒட்டியதும், இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பும், எதிரே இருந்த பிரவுசிங் சென்டரின் வைஃபையை வீட்டுக்குள் இழுக்க, பால்பவுடர் டப்பாவை வெட்டி ஆண்டெனாவாக்கி, ஷண்டிங் இன்ஜின்களின் இரைச்சலுக்கு நடுவே மாலைதோறும் அதை ஜன்னலில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்த அப்பாவும் கூடவே நினைவுக்கு வந்தார்கள். படுக்கையை விட்டு எழ முடியாத அம்மா, குவைத்தில் நர்ஸாக இருந்த அக்காவோடு தானே பேச வேண்டும் என்பது அப்பாவுக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

ஒருநாள் சிக்னல் கட்டில்வரை வந்தது. அம்மா கருவியோடு வந்த குச்சியால் திரையில் ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடித் தொட்டு, "எப்ப வாரே சாமி?" என்று கேட்டாள். கேள்வி போனது; உடனே இணைப்பு அறுந்தது. அப்பா கருவியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு காம்பவுண்டு சுவருக்கு ஓடினார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் அங்கே வந்திருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு அப்பா வெகுநேரம் அசையாமல் நின்றார்.

உள்ளே வந்தபோது கருவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

"கிறிஸ்துமஸுக்கு வாராளாம்" என்றார்.

"சரிங்க" என்றாள் அம்மா. திரையைக் காட்டச் சொல்லவே இல்லை.