காய்த்த கையும் கம்பித் தரையும்

தெருவில் எல்லோருக்கும் அவள் வெல்டர் அக்கா. வயது ஐம்பத்தொன்று. பதினாறு வருடங்களுக்கு முன் கணவன் இறந்தபோது, பட்டறையை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னார் அவளுடைய அண்ணன். “பொம்பளை நெருப்போட விளையாடக் கூடாதும்மா” என்றார். “அடுப்புல எரியறது என்னண்ணே, தண்ணியா?” என்று கேட்டவள், மறுநாள் காலை முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரு ஜன்னல் கம்பியைப் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டாள். கணவன் இருந்தபோதே அவனுக்குச் சரிக்குச் சரியாக வேலை பார்த்தவள்தான். இன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டு ஜன்னல்கள் அவள் கைவேலை.

ஒரு நாள் பால்கனிக்குக் கம்பி பொருத்தப் போன இடத்தில், எதிர்வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் குப்பைத்தொட்டி ஓரமாக ஓர் அட்டைப்பெட்டியை விட்டுப் போயிருந்தார்கள். திறந்து பார்த்தாள். உள்ளே முயல்குட்டி அளவில் இரண்டு கினிப்பன்றிகள். பழுப்பில் ஒன்று, கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று. வால் கிடையாது, கழுத்து இருக்கிறதா என்றே சந்தேகம். பெட்டியைத் தூக்கியதும் இரண்டும் விசிலடிப்பதுபோலக் கத்தின. வண்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். பழுப்பைப் பெரியவள் என்றும் மற்றதைச் சின்னவள் என்றும் கூப்பிட ஆரம்பித்தாள்.

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான்” என்றார் அண்ணன்.

“ஓணான் இல்லண்ணே. கினிப்பன்றி.”

காய்ந்த புல் வாங்கப் போன கடையில், பிராணிகள் விற்பவர் கூண்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “கொல்லன் தெருவுலயே ஊசி விக்கிறீங்களே!” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மதியமே கூண்டு தயார். ஒரு மாடி, ஏறிப் போகச் சரிவாக ஒரு தகடு, பளபளவென்று பச்சை பெயின்ட். தரைக்கு, மீந்து கிடந்த கம்பி வலையை வைத்துப் பற்றவைத்தாள். புழுக்கை கீழே விழுந்துவிடும், கழுவுவது சுலபம் என்பது அவள் கணக்கு. பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் கூண்டைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். அவளுக்கும் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே அலறல் கேட்டது. பெரியவளின் பின்னங்கால் வலையின் கண்ணுக்குள் போய் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. அக்கா கம்பியை நறுக்கிக் காலை விடுவித்தாள். ஒரு விரல் கிழிந்து தொங்கியது. இரண்டு பாதங்களும் அடியில் சிவந்து புண்ணாகியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். ஒன்பது நாளும் அது கம்பி மேல் நின்றிருக்கிறது. ஒரு நாள்கூட அவள் அதன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். விரலை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டார். “வீட்டுல செஞ்ச கூண்டா?” என்று கேட்டார்.

“ஆமா டாக்டர். நான்தான் செஞ்சேன்.”

“பாதம் மெத்துனு இருக்கும், கம்பித் தரை ஆகவே ஆகாது. பெயின்ட்டைக் கடிச்சா வயித்துக்கு ஆபத்து. மாடியிலேர்ந்து விழுந்தா எலும்பு போயிடும். குறைஞ்சது நாலடி நீளம், ரெண்டரை அடி அகலம் வேணும். மாசத்துக்கு ரெண்டு கேஸ் இப்படி வருதும்மா. பேசாம கடையில ஒண்ணு வாங்கிடுங்க.”

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் பெட்டிக்குள் பெரியவள் முனகிக்கொண்டே வந்தது. நேராகக் கடைக்குப் போனாள். இருந்ததிலேயே பெரிய கூண்டை இறக்கச் சொல்லி உள்ளே கையை விட்டாள். அவள் செய்ததைவிடச் சின்னது. கீழே அதே கம்பித் தரை.

“இதுலயும் கம்பிதானே போட்டிருக்கு?”

“சுத்தம் பண்ண ஈசிக்கா. எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க.”

“எல்லாரும் வாங்கினா கால் மாட்டாதா?” என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

செய்தி கேட்டு அண்ணன் வந்தார். “கெட்ட பேரு வாங்கினது போதும். யார்கிட்டயாவது கொடுத்துடு. டாக்டரே சொல்லிட்டாங்கள்ல?”

“டாக்டர் கூண்டைத்தான் குத்தம் சொன்னாங்க, கையை இல்ல” என்றாள் அக்கா. “கெடுத்த கைதான் சரி பண்ணணும். நீ குறுக்க வராதே.”

பச்சைக் கூண்டை அறுத்துத் தள்ளினாள். ஒரு சமையலறை வேலையில் மீந்த எவர்சில்வர் தகட்டை எடுத்து, நாலடிக்கு இரண்டரை அடியில் தரை போட்டாள். விளிம்பு வெட்டாதபடி நாலு பக்கமும் வெளியே மடித்துவிட்டாள். மாடி இல்லை, பெயின்ட் இல்லை. சுற்றிலும் சுண்டுவிரல்கூட நுழையாத நெருக்கத்தில் எவர்சில்வர் கம்பிகள். பக்கத்து வீட்டுப் பூனையை மனதில் வைத்து மேலே கனமான மூடி. ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி, அதற்கு இரண்டு வாசல். ஒருத்தி ஒன்றை அடைத்துக்கொண்டு படுத்தாலும் இன்னொருத்தி வெளியே வரலாம்.

முடித்ததும் வழக்கம்போல உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. திருப்தியோடு கையை எடுக்கும்போது மணிக்கட்டின் உட்பக்கம் சுருக்கென்றது. ரத்தம். குனிந்து பார்த்தாள். பற்றவைத்த இடத்தில் ஊசிமுனை போல ஒரு பிசிறு. அதன் மேல்தான் ஒரு நிமிடம் முன்பு உள்ளங்கை ஓடியிருந்தது.

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருட வேலையில் கை காய்த்துப்போயிருந்தது. சூடும் தெரிவதில்லை, கூரும் தெரிவதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். ஜன்னலுக்கு அந்தக் கை போதும். இந்தப் பாதங்களுக்குப் போதவில்லை.

அரத்தை எடுத்து ராவினாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, முன்கையின் உட்புறத் தோலைக் கூண்டின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துத் தேய்த்தாள். கீறிய இடத்தையெல்லாம் ராவினாள். அதுவும் போதாதென்று பஞ்சை எடுத்து இழுத்துப் பார்த்தாள். ஓர் இழை சிக்கினாலும் மறுபடி அரம். இரண்டு நாள் அதிலேயே போனது. ஜன்னலுக்குச் சொல்லிவைத்தவர்கள் வந்து முணுமுணுத்தார்கள். “ஜன்னலுக்குக் கால் கிடையாது, ரெண்டு நாள் காத்திருக்கும்” என்று அனுப்பிவைத்தாள்.

பட்டறையில் புகையும் பொறியும் என்பதால் கூண்டை வீட்டு முன்னறையில் வைத்தாள், பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, மேலே புல் பரப்பி. ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நான் வாங்கிக் கொடுத்த ஷோகேஸ் எங்கம்மா?”

“பட்டறையில இருக்கு. ஸ்பேனர் அடுக்கி வெச்சிருக்கேன்.”

“எலிக்காக என் பொருளை வெளியே தள்ளிட்டியா?”

“உயிர் இருக்கறது உள்ளே, இல்லாதது வெளியே. இதுல என்னண்ணே தப்பு? உள்ள வந்து உக்காரு, டீ போடறேன்.”

கட்டு மாற்றப் போனபோது, “கூண்டு வாங்கிட்டீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“வாங்கல. செஞ்சிட்டேன். நேர்ல வந்து பாத்துட்டு அப்புறம் திட்டுங்க.”

டாக்டர் நிஜமாகவே வந்தார். தகட்டை அமுக்கிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். துப்பட்டாவின் நுனியைக் கம்பிகளில் விட்டு இழுத்தார். கடைசியில் தண்ணீர்ப் புட்டியை மாட்டியிருந்த கம்பியருகே துணி நின்றது. கம்பியின் வெட்டுமுனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணாந்து தண்ணி குடிக்கும்போது கண்ணுல படும்” என்றார்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. குறடை எடுத்து, முனையை வெளிப்பக்கமாகச் சுருட்டி மடக்கினாள். “இப்ப இழுங்க டாக்டர்” என்றாள். துணி நழுவிப் போனது. டாக்டர் இன்னொரு முறை சுற்றிவந்து பார்த்தார். “இனி என்கிட்ட வர்றவங்களை உங்ககிட்ட அனுப்பறேன்” என்றார்.

ஒரு விரல் குறைந்த காலோடு இருந்தாலும் பெரியவள் ஒரு மாதத்தில் நாலடி நீளத்துக்கும் ஓட ஆரம்பித்தது. பிராணிக் கடைக்காரர் பட்டறைக்கே வந்தார்.

“டாக்டர் உங்க கூண்டைப் பத்தித்தான் பேசறாங்கக்கா. எனக்கு முப்பது கூண்டு வேணும். சைஸை மட்டும் பாதியாக்கி, கீழே கம்பி வலை போட்டுடுங்க.”

“அதைச் செய்ய மாட்டேன்.”

“நீங்க இல்லேன்னா வேற ஆளு செய்யப்போறான்.”

“செய்யட்டும். என் கையால நடக்காது.”

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். வந்த லட்சுமியை எட்டி உதைக்கிறாள் என்றார். கடைக்காரருக்கு வேறொரு பட்டறை கிடைத்துவிட்டது. அக்காவுக்கு அந்த மாதம் கொஞ்சம் இழுபறியாகத்தான் போனது. அவள் ஒரு தகட்டை வெட்டி, வெள்ளையடித்து, சிவப்பில் எழுதி ஷட்டருக்கு மேல் மாட்டினாள்: “கம்பித் தரைக் கூண்டு இங்கே செய்யப்படாது. செய்த கூண்டைக் கொண்டுவந்தால் தரை மாற்றித் தரப்படும்.”

படித்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். இரண்டு வாரம் யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு தபால்காரர் முயல் கூண்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். அந்தப் பிராணிக் கடையில் வாங்கியதாம். அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூண்டுக்குள் கையை விட்டாள்.